சீதன வீடும் பதினோராம் வினாவும்

வீட்டுக்கடன் துறைக்குப் புதியவர்களாய் வந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவை அச்சில் இருக்கின்றன. அடிக்கடி மாறவும் செய்கின்றன. நான் மனப்பாடம் செய்தவற்றுள் பாதி இன்று செல்லாதவை. நான் சொல்ல விரும்புவது, ஒரு விண்ணப்பத் தாளில் நான் இட்ட சிறியதோர் அடையாளத்தைப் பற்றி. அதை இடுவதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதை நீக்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

தென் இலண்டனில் ஒரு நகர மன்றத்தின் வீட்டுக்கடன் பிரிவில் எண்பதுகளின் நடுப்பகுதியில் சேர்ந்தேன். வங்கிகள் திருப்பி அனுப்பிய குடும்பங்களுக்கு, அரசு பின்னின்று பொறுப்பேற்க, மன்றம் கடன் வழங்கி வந்த காலம் அது. தகுதிகள் இரண்டுதாம். மாதத் தவணையைச் செலுத்தப் போதிய வருமானம் இருக்க வேண்டும். சொந்தமாக வேறு வீடு இருத்தல் ஆகாது. இரண்டாவது தகுதியை அறிவதற்கென்றே விண்ணப்பத்தில் பதினோராம் வினா இருந்தது. நீங்களோ உங்கள் வாழ்க்கைத் துணையோ உலகின் எப்பகுதியிலேனும் குடியிருப்பதற்குரிய வீடொன்றுக்கு உரிமையாளரா? எதிரே இரண்டு கட்டங்கள். ஆம் என்ற கட்டத்தில் அடையாளம் விழுந்தால் அந்த விண்ணப்பம் அன்றே மூடப்படும்.

டூட்டிங்கிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் பெருகிவந்த ஆண்டுகள் அவை. பிரிவில் தமிழ் அறிந்தவன் நான் ஒருவனே. ஆங்கிலத் தாளைக் கண்டு அஞ்சியவர்களுக்காக வினாக்களைத் தமிழில் சொல்லி, விடைகளை நானே எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. மேலிடத்துக்கும் அது வசதியாக இருந்தது.

இங்கே யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலண்டனில் பிறந்த உங்களுள் சிலர் அதை அறியாதிருக்கலாம். அங்கே வீடு பெண்ணுக்குரியது. மணநாளை ஒட்டிச் சீதன உறுதி என்னும் பத்திரம் எழுதப்படும்; தாய் வாழ்ந்த வீடோ அதன் அருகே கட்டப்பட்ட வீடோ மகளின் பெயருக்கு மாறும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே என் மேசைக்கு எதிரே அமர்ந்த தம்பதியருள், கணவனுக்கு வீடு இருப்பது அரிது. மனைவிக்கு இல்லாதிருப்பது அரிது.

இதை நன்கறிந்த நான் பதினோராம் வினாவைக் கணவனின் முகத்தைப் பார்த்தே கேட்பேன். அவர் இல்லை என்பார். அவரளவில் அது முழு உண்மை. மனைவியின் பக்கம் திரும்பாமலே பன்னிரண்டாம் வினாவுக்குச் சென்றுவிடுவேன். இதை நான் தந்திரமாகக் கருதவில்லை, இரக்கமாகவே கருதினேன். போர் நடக்கும் ஊரில், போக முடியாத தெருவில் இருக்கும் வீட்டை ஒரு வீடென்று எண்ணி இங்குள்ள குழந்தைகளைத் தெருவில் விடுவதா என்று என்னை நானே கேட்டு, நானே விடையும் சொல்லிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, சிவராசாவும் அவர் மனைவி தவமலரும் வந்தனர். கணவர் விமான நிலையத்தில் உணவுத்தட்டுகள் அடுக்கும் வேலையில் இருந்தார்; மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்தார். பிள்ளைகள் மூவர். ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் ஐவரும் வாழ்ந்தனர். கடையை விற்கவிருப்பதாகக் கூறி அறைகளைக் காலி செய்யுமாறு உரிமையாளர் அறிவித்தல் கொடுத்திருந்தார். நல்வாய்ப்பாக, டூட்டிங்கை அடுத்துள்ள மிச்சம் என்னும் ஊர்ப்பகுதியில் சிறிய வீடொன்று அமைந்தது. மகனோடு வாழச் செல்லவிருந்த முதியவள் ஒருத்தி அதைக் குறைந்த விலைக்குத் தர இசைந்து, அடுத்த மாத முடிவுவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். கணவரின் ஊதியம் மட்டும் கடனுக்குப் போதாது. இருவரின் ஊதியமும் சேர்ந்தால் போதும்.

வழக்கம்போல் சிவராசாவைப் பார்த்துப் பதினோராம் வினாவைக் கேட்டேன். அவர் இல்லை என்றார். நான் எழுதுகோலைத் தாழ்த்தும்போது தவமலர், "எனக்கு மானிப்பாயிலை வீடு இருக்கு" என்றார்.

கணவர் சிரித்தார். "அண்ணை, அந்த வீட்டிலை நான் இருந்தது ஏழு மாசம். அதுக்குள்ளையும் பாதி நாள் மாமியின்ர சத்தத்துக்குப் பயந்து வெளியிலைதான் நிண்டனான்."

நானும் சிரித்தேன். "அதையெல்லாம் இஞ்சை கேக்கேல்லை, தங்கச்சி" என்று சொல்லி, இல்லை என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். காட்டிய இடங்களில் இருவரும் கையொப்பமிட்டனர். விண்ணப்பத்தின் படியொன்றை அவர்களிடம் கொடுத்து, மூலத்தை மேலே அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் நண்பகலில் தவமலர் தனியே வந்தார். சலவைக்கூடத்துச் சீருடையின்மேல் மேற்சட்டை அணிந்திருந்தார். இடைவேளை முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்றார். படியை மேசைமேல் விரித்தார். அகராதியின் துணையோடு முழுவதையும் வாசித்திருக்கிறார் என்பது ஓரங்களில் சிறிய எழுத்தில் எழுதியிருந்த தமிழ்ப் பொருள்களால் தெரிந்தது. பதினோராம் வினாவின்மேல் விரலை வைத்தார்.

"ஐயா, இதிலை இல்லையெண்டு கிடக்கு."

அது வெறும் சடங்கு என்றும், எவரும் மானிப்பாய்வரை சென்று பார்க்கப்போவதில்லை என்றும் சொன்னேன். பிடிபடுவோம் என்று அவர் அஞ்சுவதாக எண்ணிக்கொண்டு தேற்ற முற்பட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பயந்து வரேல்லை, ஐயா. அந்த வீடு என்ர அம்மா எனக்குத் தந்தது. என்ர கையெழுத்துக்கு மேலை அது இல்லையெண்டு கிடக்கேலாது."

"ஓம் எண்டு போட்டால் கடன் கிடையாது, தங்கச்சி. விளங்குதே?"

"விளங்குது. மாத்திப் போடுங்கோ."

மறுநாள் சிவராசா வந்தார். மனைவியின் சொல்லைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வேண்டினார். பேச்சில் பாதி கெஞ்சல், பாதி எரிச்சல். "அந்த வீட்டாலை எனக்கு அங்கையும் சுகமில்லை, இஞ்சையும் சுகமில்லை. மூண்டு பிள்ளையளோடை நான் எங்கை போறது எண்டு அவளைக் கேளுங்கோ, அண்ணை."

இளையோரே, அன்று என் முன்னே இருந்த தெரிவுகளை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஏற்கெனவே முத்திரை விழுந்துவிட்டது. வாளாவிருந்தால் கடன் கிடைக்கும், கணவர் வாழ்த்துவார், மனைவி என்றேனும் மறப்பார். திருத்த முனைந்தால், விண்ணப்பதாரர் ஆம் என்று சொல்லக் கேட்டும் நான் இல்லை என்று எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் வாளாவிருந்தேன். ஏதோவொரு நேர்மை அதன்பின் என்னை எழுப்பியது என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அந்தப் பெண் மீண்டும் வந்து நேரே மேலிடத்தைக் காண்பார் என்ற அச்சமும் அதிற் கலந்திருந்தது.

எங்கள் பிரிவின் தலைவி என்னினும் பன்னிரண்டு வயது இளையவர். வேல்சின் மலைப்பாங்கான நாட்டுப்புற மாவட்டம் ஒன்றில் இதே பணியைச் செய்துவிட்டு இலண்டனுக்கு வந்தவர். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். கேட்டபின் அவர் தவமலரைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. "இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் செய்தீர்கள்?" என்றார்.

என்னால் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. அதுவே விடையாயிற்று. நான் நிரப்பிய விண்ணப்பங்கள் அனைத்தையும் பட்டியலிடச் சொன்னார். வீட்டை வாங்கிக் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு ஊறு நேராதபடி அவற்றைத் தாமே மேலிடத்தோடு பேசி முடித்தார். எனக்கு இரண்டாண்டுகள் ஒப்பமிடும் உரிமை இல்லாது போயிற்று. அவ்வளவோடு என்னை விட்டது அவருடைய பெருந்தன்மை. நான் அதற்கு மேலும் தண்டனை பெறத் தக்கவன்.

அன்று மாலை, எல்லோரும் புறப்பட்டபின், தம் பழைய மாவட்டத்துச் செய்தியொன்றைச் சொன்னார். பண்ணைக்காரரின் குடிலில் தங்கியிருந்த ஆட்டிடையர் ஒருவர் கடன் கேட்டு வந்தாராம். வேலை முடியும் நாளில் குடிலும் போய்விடும். ஆனால் தந்தை விட்டுச்சென்ற மலைவீடொன்றில் அவருக்கு நாலிலொரு பங்கு இருந்தது. அதற்குக் கூரை இல்லை. மழைக்கு ஆடுகள் ஒதுங்கும் இடம் அது. ஏட்டின்படி அவர் வீட்டுரிமையாளர். அப்போது புதியவராய் இருந்த தலைவி, விண்ணப்பத்தை மறுக்குமாறு எழுதிவிட்டார்.

"பிறகு அவர் எங்கே போனார்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை" என்றார்.

அந்த மறுப்புக்குப் பின் எந்த விண்ணப்பத்தையும் மறுப்பதற்கு முன் தமக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்: இன்றிரவு அந்த வீட்டில் இவர் படுக்க முடியுமா? பிறகு விதிநூலைத் திறந்து, கடைசிப் பக்கங்களுள் ஒன்றில் இருந்த சிறு பத்தியைக் காட்டினார். சொந்த வீடு குடியிருக்க இயலாத நிலையில் இருப்பது எழுத்துச் சான்றால் விளங்குமாயின், விண்ணப்பத்தை ஆய்வுக் குழுவின் முன் வைக்கலாம் என்றது அது. அந்தப் பத்தியை நான் பல ஆண்டுகளாக அறிவேன். சான்று தேடுவது கடினம், அடையாளமிடுவது எளிது. அதனால் அதை நான் ஒரு முறையேனும் பயன்படுத்தியதில்லை. இரக்கம் என்று நான் பெயரிட்டிருந்ததில் சோம்பல் எவ்வளவு என்பதை அன்றுதான் கண்டேன்.

தவமலர் மானிப்பாய் விதானையாருக்கு, அதாவது அவ்வூரின் கிராம அலுவலருக்கு, எழுதினார். யாழ்ப்பாணம் முற்றுகையில் கிடந்த காலம். மடல்கள் கொழும்பு வழியாகச் சென்று, கப்பலுக்குக் காத்திருந்து, வாரக்கணக்கில் ஊர்ந்தன. வீட்டை விற்கும் முதியவளிடம் தவமலர் தாமே கணவரை அழைத்துச் சென்று நடந்ததைச் சொன்னார். முதியவள் மேலும் ஆறு வாரம் தருவதாகவும், அதற்கு மேல் தன்னால் ஏலாதென்றும் சொன்னாளாம். மொழிபெயர்க்கப் போன சிவராசா அந்தச் செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் எரிச்சல் குறைந்திருந்தது. "தேத்தண்ணியும் தந்தவ, அண்ணை. மலர் தன்ர வீட்டு வாசல் படலையைப் பற்றிச் சொல்ல, அவ தன்ர பூங்கண்டைப் பற்றிச் சொன்னா. நான்தான் ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு களைச்சுப் போனன்."

முதியவள் கூட்டித் தந்த ஆறாம் வாரத்தின் தொடக்கத்தில் மறுமொழி வந்தது. பள்ளிக் கொப்பியிலிருந்து கிழித்த தாள். நீர் கலந்து வெளுத்த மை. கீழே தெளிவான முத்திரை. இருவரும் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்க, நான் வாசித்தேன்.

வீடு நன்றாக நிற்கிறது என்று விதானையார் எழுதியிருந்தார். எறிகணை விழுந்து மேற்குப் பக்கத்து ஓடுகள் சில உடைந்தன; அவற்றையும் மாற்றியாயிற்று. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பங்கள் அதில் இருக்கின்றன, பதினொரு பேர். கிணற்றைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் கவலைப்பட வேண்டாம்.

வாசித்து முடித்தபோது என் மனம் சோர்ந்தது. சோர்ந்த அக்கணத்திலேயே நாணம் வந்தது. வீடு இடிந்துவிட்டது என்ற செய்தியை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தேன் என்பதினும் விரும்பினேன் என்பதே சரி. ஒரு தாய் மகளுக்குக் கொடுத்த வீடு தரைமட்டமாயிருந்தால் என் ஆவணம் செம்மையாக அமைந்திருக்கும். நம் தொழில் நம்மை இத்தகைய ஆசைகளுக்கு இட்டுச் செல்லும், விழிப்போடு இருங்கள்.

தவமலரின் கண்கள் நிறைந்திருந்தன. அது மகிழ்ச்சி என்பதை உணர எனக்குச் சற்று நேரமாயிற்று. "ஓடு மாத்தினவையாம்" என்று கணவரிடம் சொன்னார்.

சிவராசா என்னைப் பார்த்து, "இந்தக் கடிதம் வரேல்லையெண்டு வைப்பமே, அண்ணை?" என்றார். சொன்ன மாத்திரத்தில் தாமே தலையை அசைத்து, "வேண்டாம், விடுங்கோ" என்றார்.

ஆய்வுக் குழு அந்த வெள்ளிக்கிழமை காலை கூடியது. முதியவள் தந்த கெடு அன்று மாலையோடு முடிவது. குழுவில் மூவர்; தலைமை தாங்கியவர் நிதிப் பிரிவின் மூத்த அதிகாரி. எங்கள் தலைவி வழக்கை முன்வைத்தார். மொழிபெயர்ப்பதற்காக நான் அழைக்கப்பட்டேன்.

வீட்டில் இருப்போரிடம் வாடகை பெறுகிறாரா என்று கேட்டனர். இல்லை என்றார் தவமலர். அவர்களை முன்பே அறிவாரா என்று கேட்டனர். அறியேன் என்றார். பின்னர் நிதி அதிகாரி, கடுமை சிறிதும் இல்லாத குரலில், அவர்களை வெளியேறச் சொல்ல இவரால் முடியுமா என்று கேட்டார்.

தவமலர் என்னைப் பாராமல் அதிகாரியைப் பார்த்தே விடை சொன்னார்.

"சொல்ல ஏலும். ஒரு கடிதம் போட்டால் விதானையார் எழுப்பி விடுவார். ஆனால் நான் சொல்ல மாட்டன். எங்களையும் இப்ப எழும்பச் சொல்லித்தான் இருக்கினம். அது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

அறையில் அனைவரும் என் வாயை நோக்கினர். இயலாது என்று நான் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே வென்றிருக்கும். விதி கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான். போர்ச்சூழலை எடுத்துக்காட்டி அதை நியாயப்படுத்தவும் கூடும். பழைய இரக்கம் என் நாவின் நுனிவரை வந்து நின்றது. அவர் சொன்னதை, சொன்ன வரிசையில், கூட்டாமலும் குறைக்காமலும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவரால் முடியும், அவர் செய்யமாட்டார், இதுவே காரணம். நாற்பது ஆண்டுப் பணியில் நான் செய்த மொழிபெயர்ப்புகளுள் இதனினும் கடினமானது வேறில்லை.

நெடுநேரம் எங்களை வெளியே அமர்த்தினர். திரும்ப அழைத்தபோது முடிவு எழுத்தில் இருந்தது. தவமலர் ஒரு வீட்டின் உரிமையாளர். அதைத் தம் விருப்பத்தினால் பிறரிடம் விட்டிருக்கிறார். ஆதலால் இத்திட்டத்தின்கீழ் அவர் கடன்பெறவோ வாங்கும் வீட்டில் பங்குடையவராகவோ இயலாது. எனினும் பதினொருவர் வாழும் அவ்வீட்டில் அவருடைய கணவரும் பிள்ளைகளும் குடியேற வழியில்லை. ஆதலால் அது கணவரின் விண்ணப்பத்துக்குத் தடையாகாது. குடும்ப வருமானமாக மனைவியின் ஊதியமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். வீடு கணவர் ஒருவரின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். அதற்குத் தம் இசைவை மனைவி எழுதித் தர வேண்டும். இவற்றை ஏற்பதாயின் இன்று பிற்பகல் ஐந்து மணிக்குள் கையொப்பம் வேண்டும்.

என் மேசைக்கு வந்தோம். இம்முறை ஒரு வரியையும் விடாமல் இருவருக்கும் விளக்கினேன். குறிப்பாகத் தவமலரிடம், மிச்சம் வீட்டுக்கு அவர் உழைப்பும் செல்லும், உறுதியில் அவர் பெயர் மட்டும் இராது என்பதை இருமுறை சொன்னேன். வெளியே சென்று தனித்து யாரிடமாவது அறிவுரை பெற விரும்பினால் ஐந்து மணிவரை நேரம் உண்டு என்றும் சொன்னேன். இத்தனை மாதங்களில் நான் சரியாகச் செய்த சிலவற்றுள் அதுவும் ஒன்று.

தவமலர் யோசிப்பதற்கு முன் சிவராசா கலங்கிவிட்டார். கடனை வாங்கித் தருமாறு கெஞ்சியவர், இப்போது தாளைத் தொடவே தயங்கினார். "என்ர பேரிலையோ? அண்ணை, எங்கடை ஆக்களிலை ஆம்பிளையின்ர பேரிலை வீடு இருந்ததா நான் கேள்விப்பட்டதில்லை. எங்கடை அப்புவும் தன்ர மாமி வீட்டிலைதான் செத்தவர். நாளைக்கு ஆரும் கேட்டால், பெண்டாட்டியின்ர வீட்டைப் பறிச்சிட்டான் எண்டெல்லோ சொல்லுவினம்?"

"ஆர் சொல்லுறது?" என்றார் தவமலர்.

"உன்ர அக்காதான் முதல் சொல்லுவா."

தவமலர் இசைவுத் தாளைத் தம் பக்கம் இழுத்தார். அகராதி இல்லாமலே, விரலை வரிக்கு வரி நகர்த்தி, கடைசிவரை வாசித்தார். எழுதியிருப்பது நான் சொன்னதுதான் என்று தெளிந்தபின் கையொப்பமிட்டார். பிறகு எழுதுகோலைக் கணவரின் முன்னே உருட்டிவிட்டார்.

"போடுங்கோ, அப்பா. நீங்களும் ஒருக்கா வீட்டுக்காரனாய் இருந்து பாருங்கோவன்."

அவர் கையொப்பமிட்டபோது மணி நான்கே முக்கால்.